மூச்சை விட்ட பின்னும் ஒரு படம்

சி.டி. அறைக்கு நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நாங்கள் எடுப்பது ஒரே ஒரு படத் தொகுப்புதான். மூச்சை முழுவதுமாக உள்ளிழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சில நொடிகளில் அது முடிந்துவிடும். கட்டி இருக்கிறதா, நிமோனியா இருக்கிறதா, பழைய காசநோயின் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க அது போதுமானது. ஆனால் சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை அதன் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள வேண்டுமானால், அந்த ஒரு தொகுப்பு பல நேரங்களில் போதாது. மூச்சை முழுவதும் வெளியே விட்ட நிலையில் இன்னொரு படமும் வேண்டும். புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் மையத்தில் நெடுங்காலமாக ரேடியோகிராஃபராக வேலை பார்க்கிறவன் என்ற முறையில், அந்த இரண்டாவது படத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நம் பகுதி மக்களுக்கு, அதிலும் அடுப்படியிலேயே வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கு, அதன் தேவை மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். புகையையும் தூசையும் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் மூச்சுக் குழல்களின் உட்சுவர் வீங்கித் தடித்து, சளி கோத்து, குழல்கள் குறுகிப்போவது ஒரு பக்கம். அவற்றின் முனையிலுள்ள காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து, சிறு அறைகள் பல ஒன்றாகிப் பெரும் பொந்துகளாகிவிடும் எம்ஃபிசீமா மறுபக்கம். இரண்டும் சேர்ந்தோ தனித்தோ செய்வது ஒன்றுதான். உள்ளே போன காற்று உரிய நேரத்தில் வெளியே வர முடியாமல் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பீடி, சிகரெட் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. வருமானம் மிகுந்த நாடுகளில் இந்நோயில் 70 விழுக்காட்டுக்கு மேல் புகைபிடிப்பதால் வருகிறது என்றும், நம்முடையது போன்ற நாடுகளில் அந்தப் பங்கு 30 முதல் 40 விழுக்காடுதான் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மீதி எங்கிருந்து வருகிறது என்பதை நம் ஊர்களில் கண்ணால் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தில் சவுக்கு மிளாறுக்கும் முந்திரிச் சருகுக்கும் பஞ்சமில்லை. காசு கொடுக்காமல் கிடைக்கும் எரிபொருளை விட்டுவிட்டு சிலிண்டருக்குச் செலவு செய்ய எந்தக் குடும்பமும் தயங்கத்தான் செய்யும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் சாய்த்துவிட்டுப் போன முந்திரியும் பலாவும் எத்தனை வீடுகளில் விறகாக எரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பண்ருட்டி, காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அதை அன்றாடம் சுவாசித்து வேலை செய்கிறவர்களின் நுரையீரல் என்னவாகும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியிலோ, இன்று மூடிக்கிடக்கும் பஞ்சாலைகளில் இளமையைக் கழித்தவர்கள் முதலியார்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சுத் தூசும் மூச்சுக் குழல்களை அடைக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை.

இந்த நோயை உறுதிசெய்யும் சோதனை ஸ்பைரோமெட்ரி. மூச்சை நிறைய இழுத்து, வாயில் வைத்த குழாய்க்குள் பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் வெளிவந்தது எத்தனை பங்கு என்று கருவி கணக்கிடும். மூச்சுக் குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் அந்தப் பங்கு 0.70க்குக் கீழேயே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்பது ‘கோல்டு’ என்று அழைக்கப்படும் உலகளாவிய வழிகாட்டுக் குழுவின் வரையறை. இது செலவு குறைந்தது, கதிர்வீச்சு இல்லாதது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யத்தக்கது. இதற்கு மாற்றாக சி.டி.யை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருமலும் இளைப்பும் உள்ள எவரும் முதலில் ஊத வேண்டிய இடம் இதுதான்.

ஆயினும் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மூச்சுக் குழாய் நெஞ்சுக்குள் நுழைந்து, கிளைக்குக் கிளை இரண்டாகப் பிரிந்து, இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகளைக் கடந்துதான் காற்று நுண்ணறைகளை அடைகிறது. அந்தக் கிளைகளில் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதாலும் அத்தனையும் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகக் காற்றைக் கடத்துவதாலும், காற்றோட்டத்துக்கு ஏற்படும் மொத்தத் தடையில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. ஆகவே அவற்றில் கணிசமானவை அடைபட்டுப்போனாலும் ஊதும் சோதனையின் எண் பெரிதாக அசைவதில்லை. இந்த நோயில் அடைப்பு முதன்மையாக இந்த நுண்குழல்களில்தான் நேர்கிறது என்பதை 1968இல் ஹாக், மேக்லெம், தர்ல்பெக் ஆகிய மூவரும் இறந்தவர்களின் நுரையீரல்களை அளந்து காட்டினார்கள். 1970இல் ஜெரி மீட் இந்தப் பகுதியை நுரையீரலின் அமைதி மண்டலம் என்றே அழைத்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2018இல், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட நுரையீரல் திசுக்களை மிக நுண்ணியதையும் காட்டும் மைக்ரோ சி.டி.யில் வைத்து எண்ணிப் பார்த்தபோது, நோய் லேசாகத்தான் இருக்கிறது என்று வகைப்படுத்தப்பட்டவர்களிடமே முனைக் குழல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அழிந்துபோயிருந்தது தெரியவந்தது. ‘லேசு’ என்று காகிதத்தில் எழுதும் கட்டத்திலேயே, திரும்ப வராத இழப்பு இவ்வளவு நடந்து முடிந்திருக்கிறது. அதற்கு முன்பே பார்க்க வழி உண்டா என்று தேடுவதன் நியாயம் இதுதான்.

சாதாரண எக்ஸ்ரே இதற்கு உதவாது. உதரவிதானம் தட்டையாகிவிட்டது, நுரையீரல் ஊதிப்போயிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரிவது நோய் நன்றாக முற்றிய பிறகே.

சி.டி. படத்தின் வலிமை அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் இருப்பதில் உள்ளது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்த கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. 1979இல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருடைய பெயரிலேயே இந்த அளவுகோலும் வழங்குகிறது. அந்த அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000. திசுவும் இரத்தமும் காற்றும் கலந்த நல்ல நுரையீரல், மூச்சை நிறைய இழுத்த நிலையில் -850ஐ ஒட்டி நிற்கும். சுவர்கள் அழிந்து காற்று மட்டுமே மிஞ்சிய இடங்கள் -950க்கும் கீழே போய்விடும். அப்படிப்பட்ட புள்ளிகள் மொத்த நுரையீரலில் எத்தனை விழுக்காடு என்று கணினி எண்ணிச் சொல்வதைத்தான் எம்ஃபிசீமாவின் அளவு என்று அறிக்கைகளில் காண்கிறோம். ஊதும் சோதனையில் தேறிவிட்ட பீடிக்காரர் ஒருவரின் நுரையீரல் உச்சியில் பூச்சி அரித்தது போன்ற சிறு கரும்பொட்டுகளை இந்த முறையில் முன்கூட்டியே காண முடிகிறது. உள்ளிழுத்த நிலையில் எடுக்கும் வழக்கமான படமே இதற்குப் போதும்.

ஆனால் நுண்குழல்கள் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. 2 மில்லிமீட்டருக்குக் கீழுள்ள குழலை மருத்துவமனை சி.டி.யால் நேரடியாகப் பார்க்க இயலாது. அதன் விளைவை மட்டுமே பார்க்கலாம். பெருமழை பெய்து ஓய்ந்த பிறகு எந்தெந்தத் தெருவில் தண்ணீர் வடியாமல் நிற்கிறதோ, அந்தத் தெருவின் வடிகால் அடைபட்டிருக்கிறது என்று மண்ணைத் தோண்டாமலேயே கடலூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். நுரையீரலிலும் அப்படித்தான். மூச்சை முழுவதும் வெளியே விட்டால் நல்ல பகுதிகள் காற்றை இழந்து சுருங்கி, படத்தில் சாம்பல் நிறமாக அடர்ந்துவிடும். நுண்குழல் அடைபட்ட பகுதிகள் மட்டும் காற்றை விடாமல் வைத்துக்கொண்டு கருப்பாகவே நிற்கும். மூச்சை விட்ட நிலையிலும் -856க்குக் கீழே இருக்கும் புள்ளிகளைச் சிறைப்பட்ட காற்று என்று கணக்கிடுவது இன்று வழக்கம்.

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் முறையை 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் கால்பானும் உடன் பணியாற்றியவர்களும் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். உள்ளிழுத்தபோது ஒரு புள்ளி எங்கே இருந்தது, வெளியே விட்டபோது அதே புள்ளி எங்கே நகர்ந்தது என்பதைக் கணினி தேடிப் பொருத்துகிறது. இரண்டு நிலையிலும் ஒழுங்காக இருந்தால் பச்சை. இரண்டிலுமே காற்றுப் பொந்தாக இருந்தால் சிவப்பு, அதாவது எம்ஃபிசீமா. உள்ளிழுத்தபோது நன்றாக இருந்து, வெளியே விட்டபோது மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டால் மஞ்சள். அந்த மஞ்சள்தான் நுண்குழல் நோய். சிவப்பு என்பது நுண்ணறைகள் அழிந்துவிட்ட இடம். மஞ்சள் என்பது நுண்ணறைகள் இன்னும் அழியாமல் காற்று சிறைப்பட்டிருக்கும் இடம். சி.ஓ.பி.டி.ஜீன் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மஞ்சள் மிகுதியாக இருந்தவர்களின் மூச்சுத் திறன் பின்னாளில் வேகமாகக் குறைந்தது என்று 2016இல் வெளியான முடிவுகள் காட்டின. நோய் லேசாக இருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவாக இருந்தது. வருமுன் காட்டும் அடையாளம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்த மஞ்சளாகத்தான் இருக்க முடியும்.

காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இந்தப் படம், அறைக்குள் எவ்வளவு கவனத்தைக் கேட்கிறது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து அறுபதை நெருங்கும் ஓர் அம்மா வந்திருந்தார். சில ஆண்டுகளாக இருமல், மாடிப்படி ஏறினால் இளைப்பு; வீசிங் என்று அவ்வப்போது ஊசி போட்டுக்கொண்டு சமாளித்திருக்கிறார். ஸ்பைரோமெட்ரியில் எண் 0.70 கோட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டதால், நுரையீரல் மருத்துவர் இரண்டு நிலையிலும் சி.டி. எடுக்கச் சொல்லி எழுதியிருந்தார். படிவத்தை நிரப்பும்போது, “வீட்டுல எதுலம்மா சமைக்கிறீங்க?” என்று கேட்டேன். “கேஸு இருக்கு தம்பி. டீ வைக்கிறதுக்கு, அவசரத்துக்கு அதுதான். சோறு, கொழம்பு, குளிக்கத் தண்ணி காய வைக்கிறது எல்லாம் விறகடுப்புதான்” என்றார். சிலிண்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் ‘இருக்கிறது’ என்ற பதிலோடு புகையின் கணக்கு அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

இயந்திரத்துக்குள் படுக்க வைக்கும் முன், வெளியே நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். மூச்சை இழுத்துப் பிடிப்பது எல்லோருக்கும் வரும். முழுவதும் விட்டுவிட்டு, நெஞ்சு காலியான நிலையில் சில நொடி நிற்பதுதான் கடினம். உடம்பு அதற்கு ஒப்பாது. இயந்திரத்தில் வரும் பதிவு செய்யப்பட்ட குரல் நோயாளிக்குப் புரியாத மொழியில் இருந்தால் அந்தப் படம் வீண். நான் எப்போதும் ஒலிவாங்கியில் நானே சொல்வேன். “வெளிய விடுங்க… இன்னும்… இன்னும் வரும், விடுங்க… வயித்த உள்ள இழுத்து விடுங்க… அப்படியே நில்லுங்கம்மா, இழுக்காதீங்க.” அவர் முதல் ஒத்திகையில் பாதி மூச்சை விட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு பிடிபட்டுவிட்டது.

உண்மையிலேயே முழு மூச்சையும் விட்டாரா என்பதைப் படமே சொல்லும். உள்ளிழுத்த நிலையில் மூச்சுக் குழாயின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமாக இருக்கும். நன்றாக வெளியே விட்டால் குழாயின் பின்சுவரில் உள்ள மெல்லிய சவ்வு முன்னோக்கி வளைந்து, வட்டம் பிறை வடிவை நோக்கிப் போகும். குழாய் வட்டமாகவே இருக்கிறது என்றால் அவர் மூச்சை விடவில்லை என்று பொருள். அந்தப் படத்தில் தெரியும் கருமையை நோயென்று எழுதுவதும் தவறு, நோயில்லை என்று எழுதுவதும் தவறு. அந்த அம்மாவின் இரண்டாவது தொகுப்பில் பின்சுவர் தெளிவாக உள்வளைந்திருந்தது. முதல் தொகுப்பில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை, எம்ஃபிசீமாவும் இல்லை. இரண்டாவதில், சாம்பல் நிறத்துக்கு நடுவே, இருபுறமும், மேலிருந்து கீழ்வரை, வரைபடத்தில் தாலுகா எல்லைகள் போல் விளிம்பு கூர்மையான கருந்திட்டுகள் நிறைய இருந்தன. முதல் தொகுப்போடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ‘இயல்பு’ என்ற அறிக்கை போயிருக்கும்.

இது தற்செயலாக ஒருவரிடம் மட்டும் காணப்பட்டதன்று. விறகுப் புகையால் நோயுற்ற பெண்களையும் புகைபிடித்து நோயுற்ற பெண்களையும் மெக்சிகோவில் சி.டி. மூலம் ஒப்பிட்டு 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வு, விறகுப் புகைக்கு ஆளானவர்களிடம் எம்ஃபிசீமா குறைவாகவும் சிறைப்பட்ட காற்று மிகுதியாகவும் இருந்ததைக் காட்டியது. புகையிலை நுண்ணறைகளை அரிக்கிறது. அடுப்புப் புகையோ பெரும்பாலும் குழல்களைத் தாக்குகிறது. வழக்கமான உள்ளிழுத்த படம் அரிப்பைத்தான் நன்றாகக் காட்டும். அப்படியானால், இந்நோய்க்கென்று உலகம் பழகிவைத்திருக்கும் படம் பெரும்பாலும் புகைபிடிப்பவரின் நுரையீரலுக்கென்று அமைந்த படம். நம் வீட்டுப் பெண்களின் நோய் அதில் தெரியாமல் போவதற்குக் காரணம் நோய் இல்லாமை அன்று, பார்க்கும் முறை. 2023ஆம் ஆண்டு கோல்டு அறிக்கை விறகுப் புகையாலும் காற்று மாசாலும் வரும் சி.ஓ.பி.டி.யைத் தனி வகையாகவே பிரித்துப் பெயரிட்டது. அந்தப் பிரிவு படமெடுக்கும் முறையிலும் வர வேண்டும் என்பதே என் வாதம்.

அண்மையில், 2025 மே மாதத்தில், ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒரு முன்மொழிவு இத்துறையில் பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. ஊதும் சோதனையை மட்டும் நம்பாமல், மூச்சிரைப்பு, நாட்பட்ட சளி இருமல், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றோடு சி.டி.யில் தெரியும் எம்ஃபிசீமாவையும் மூச்சுக் குழல் சுவரின் தடிப்பையும் சேர்த்து நோயை நிர்ணயிக்கலாம் என்கிறது அது. அந்த முறையை சி.ஓ.பி.டி.ஜீன் பங்கேற்பாளர்களிடம் பொருத்தியபோது, ஊதும் சோதனையில் அடைப்பு இல்லை என்று விடப்பட்டவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் நோயாளிகளாகக் கண்டறியப்பட்டார்கள். அவர்கள் இறக்கும் வாய்ப்பும், நோய் திடீரென முற்றி அவதிப்படும் வாய்ப்பும் நோயில்லாதவர்களைவிட மிகுதியாக இருந்தன. மறுபுறம், எண் 0.70க்குக் கீழே இருந்தும் வேறு எந்த அடையாளமும் இல்லாத சுமார் 7 விழுக்காட்டினர் நோயாளிப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். வயதானால் அந்த எண் இயல்பாகவே குறையும் என்பதால் இந்த விடுவிப்பும் முக்கியமானது. இந்த முன்மொழிவை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அதில் இடம்பெறும் சி.டி. அடையாளங்கள் இரண்டும் உள்ளிழுத்த படத்தில் பார்ப்பவை. சிறைப்பட்ட காற்று அதில் இல்லை. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் புகைபிடித்தவர்கள். அதே அளவுகோலை அப்படியே பண்ருட்டிக்கும் பாகூருக்கும் கொண்டுவந்தால் விறகடுப்புப் பெண்கள் மறுபடியும் விடுபட்டுப்போவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாக யாருக்கும் கதிர்வீச்சு கொடுக்காமலேயே கண்டுபிடிக்கக்கூடிய நோயாளிகள் ஏராளமாக இருக்கிறார்கள். விபத்துக்காக, காய்ச்சலுக்காக, இதயத்துக்காக, கொரோனா காலத்தில் பயத்துக்காக என்று நெஞ்சு சி.டி. எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் அநேகர். அந்தப் படங்களின் ஓரத்தில் எம்ஃபிசீமா தெரிந்தாலும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதும் அவசரத்தில் அது அறிக்கையில் ஒரு சொல்லாகக்கூட வராமல் போவதுண்டு. வந்தாலும் அதைப் படித்து ‘ஊதிப் பாருங்கள்’ என்று அனுப்பிவைப்பவர் இல்லாமல் போவதுண்டு. நெதர்லாந்தில் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்த 1,140 ஆண்களின் குறைந்த கதிர்வீச்சுப் படங்களை, உள்ளிழுத்தும் வெளியே விட்டும் எடுத்து, அவற்றோடு புகைப்பழக்கம், உடல் எடை போன்ற விவரங்களையும் சேர்த்து சி.ஓ.பி.டி.யைக் கண்டுபிடிக்க முடியுமா என்று 2011இல் பார்த்தார்கள். நோயுள்ளவர்களில் 63 விழுக்காட்டினரை அந்த முறை அடையாளம் காட்டியது. நோயில்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக ஒதுக்கியது. முழுமையானது என்று சொல்ல முடியாது. ஆனால் வேறொரு காரணத்துக்காக எடுத்த படத்திலிருந்து கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் செய்தி என்ற அளவில் இது மிகப் பெரிது.

அதற்காக இளைப்பு என்று வருகிற அத்தனை பேரையும் சி.டி. மேசையில் ஏற்றச் சொல்வது என் நோக்கமன்று. நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, அதை அளக்கும் அலகான மில்லிசீவர்ட்டில், 0.1 அளவு என்றால், வழக்கமான நெஞ்சு சி.டி. அதைப்போல் பல பத்து மடங்கு. குறைந்த அளவு சி.டி.யை ஒன்றரை மில்லிசீவர்ட்டை ஒட்டி முடித்துவிடலாம். மூச்சை விட்ட படத்தையும் அப்படிக் குறைந்த அளவிலேயே எடுக்க வேண்டும். இரண்டு மடங்கு கதிர்வீச்சு கொடுத்துவிட்டு அதை நுணுக்கமான சோதனை என்று பெருமைப்படுவதற்கில்லை. அறிகுறியே இல்லாதவர்களுக்கு சி.ஓ.பி.டி. பரிசோதனை தேவையில்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இலும் மீண்டும் உறுதிசெய்திருக்கிறது. அறிகுறி இருந்து, புகைக்கோ தூசுக்கோ நெடுநாள் ஆளாகியும் இருந்து, ஊதும் சோதனை விடை சொல்லாமல் நிற்கும்போதுதான் படத்துக்கு வேலை வருகிறது. படத்தில் தெரியும் கருந்திட்டு எல்லாம் சி.ஓ.பி.டி.யும் ஆகாது. ஆஸ்துமாவிலும் காற்று சிறைப்படும்; காசநோய் வந்து ஆறியவர்களிடமும், கடுமையான கிருமித்தொற்றுக்குப் பிறகும் அப்படி இருக்கலாம். நலமாக இருப்பவர்களிடமும் ஓரிரு சிறு திட்டுகள் காணப்படுவது இயல்பே. ஆகவே படத்தையும் ஊதும் சோதனையையும் நோயாளி சொல்லும் கதையையும் ஒன்றாக வைத்துப் படிக்கத் தெரிந்த மருத்துவரிடம்தான் அந்த அறிக்கை போய்ச் சேர வேண்டும்.

முன்கூட்டியே கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் ஏமாற்றமளித்த ஓர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். புகைபிடித்த பழக்கமும் அறிகுறியும் இருந்து, ஊதும் சோதனை மட்டும் இயல்பாக இருந்தவர்களுக்கு இரட்டை மருந்து இன்ஹேலரை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான அந்த முடிவின்படி, வெறும் பொடி உறிஞ்சியவர்களைவிட அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை கிடைக்கவில்லை. எனவே படத்தில் மஞ்சள் தெரிந்தது என்பதற்காகவே இன்ஹேலரை எழுதிக் கொடுத்துவிடுவது சரியாகாது. அடைப்பு லேசாகத் தொடங்கிவிட்டவர்களின் நிலை வேறு. சீனாவில் அத்தகையோருக்கு மூச்சுக் குழலை விரிக்கும் மருந்தான டயோட்ரோபியம் கொடுத்த ஆய்வு, இரண்டு ஆண்டு முடிவில் மூச்சுத் திறன் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதை 2017இல் காட்டியது.

மருந்தைவிடப் பெரிய பயன் புகையை நிறுத்துவதில் இருக்கிறது. புகைபிடிப்பதை விட்டவரின் மூச்சுத் திறன், இழந்தது திரும்பாவிட்டாலும், அதன் பிறகு குறையும் வேகம் மற்றவர்களைப் போல் இயல்புக்கு வந்துவிடுகிறது என்று ஃப்ளெட்சரும் பீட்டோவும் 1977இலேயே எழுதினார்கள். அடுப்புக்கும் அப்படியொரு சான்று உண்டு. தென்சீனக் கிராமங்களில் சாண எரிவாயுவுக்கு மாறியவர்களையும் சமையலறையில் புகைபோக்கியும் காற்றோட்டமும் அமைத்துக்கொண்டவர்களையும் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், மூச்சுத் திறன் குறையும் வேகம் தணிந்தது, நோய் வருவதும் குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்குப் பயன் மிகுதி. 2014இல் வெளியான அந்த முடிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். குறிஞ்சிப்பாடி அம்மாவுக்கு மருத்துவர் படத்தைத் திரையில் காட்டி, கருப்பாக நிற்கும் இடங்களைத் தொட்டுக் காண்பித்து விளக்கினார் என்று உடன் வந்த மகன் பின்னர் என்னிடம் சொன்னார். தண்ணீர் காய வைக்கும் அடுப்பை வீட்டுக்கு வெளியே கொட்டகைக்கு மாற்றிவிட்டார்களாம். சோறும் குழம்பும் கேஸ் அடுப்புக்கு வந்துவிட்டனவாம். எத்தனையோ முறை வாயால் சொல்லியும் நகராத அடுப்பைப் படம் நகர்த்தியது.

கதிர்வீச்சே இல்லாத வழியும் ஒன்று வளர்ந்து வருகிறது. லேசர் மூலம் காந்தத் தன்மையூட்டப்பட்ட செனான்-129 வாயுவை ஒரு மூச்சு இழுக்கச் செய்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், காற்று எங்கே போய்ச் சேருகிறது, எங்கே சேரவில்லை என்பது மட்டுமல்லாமல், அது இரத்தச் சிவப்பணுக்களுக்குள் கலப்பதையும் அளக்கலாம். நுரையீரலில் காற்று பரவுவதைப் பார்க்க இதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. தனிக் கருவிகளும் தனிப் பயிற்சியும் தேவைப்படுவதால், நம் மாவட்டங்களின் நோயாளிக்கு அது எட்டும் தூரத்தில் இல்லை. எட்டும் தூரத்தில் இருப்பது ஏற்கெனவே ஊர்தோறும் உள்ள சி.டி. இயந்திரமும், சரியாகச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒரு குரலும்தான்.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் இருமலும் இளைப்புமாக யாரேனும் இருந்தால், அவர்கள் புகைபிடிக்காதவர்களாகவே இருந்தாலும், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் முதலில் ஸ்பைரோமெட்ரி செய்துகொள்ள அழைத்துச் செல்லுங்கள். கோரிமேட்டில் ஜிப்மரும் அரசு மார்பு நோய் மருத்துவமனையும் இருக்கின்றன. எந்த அடுப்பில், எத்தனை ஆண்டு, எப்படிப்பட்ட சமையலறையில் சமைத்தார்கள், முந்திரி வறுக்கும் இடத்திலோ ஆலையிலோ வேலை செய்தார்களா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். சி.டி. எடுக்கச் சொன்னால், மூச்சை விட்ட நிலையிலும் படம் வேண்டுமா என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடமே கேட்டு, தேவையென்றால் சீட்டில் குறிப்பிடச் சொல்லுங்கள். சீட்டில் இல்லாததை நாங்களாக எடுக்க இயலாது. பழைய சி.டி. இருந்தால் ஃபிலிமை மட்டும் கொண்டுவராமல் அதன் குறுந்தட்டையும் கொண்டுவாருங்கள். ஃபிலிமில் கண்ணால் பார்க்க மட்டுமே முடியும். தட்டில்தான் ஒவ்வொரு புள்ளியின் எண்ணும் இருக்கிறது, சில ஆண்டுகளுக்கு முந்தைய நுரையீரலை இன்றைய நுரையீரலோடு ஒப்பிட்டு அளப்பதற்கு அந்த எண்கள்தான் வேண்டும்.